பழைய புல்லட்டுக்கு செல்ஃப் ஸ்டார்ட்: மலை வீடுகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளையும், மேலே அரியூர் நாட்டுக்குள் போகும் ஏற்ற இறக்கங்களையும் பல ஆண்டுகளாகத் தாங்கிய பழைய புல்லட்டை விற்க யாருக்கும் மனம் வராது. மிளகு மூட்டையும் பலாப்பழமும் சுமந்த வண்டி. வண்டி இன்னும் திடமாகத்தான் இருக்கிறது, ஓட்டுகிறவரின் முழங்கால்தான் தேய்ந்துவிட்டது. மகளோ மருமகளோ ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாலும் கிக்கரைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். “ஒரு செல்ஃப் மாட்டிவிடலாமே” என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

மாட்டலாம். ஆனால் செல்ஃப் மோட்டார் செய்வது ஒரே வேலை: இன்ஜினைச் சுற்றிவிடுவது. தீப்பொறியும் பெட்ரோலும் சரியாக இல்லாத இன்ஜினை எவ்வளவு சுற்றினாலும் அது பிடிக்காது, பேட்டரிதான் தீரும். அதனால் பட்டன் கடைசியில்தான் வரவேண்டும். குறிப்புகள் அந்த வரிசையிலேயே உள்ளன.

1. முதலில் கிக்கரிலேயே வண்டி ஒழுங்காகக் கிளம்பட்டும். காலையில் குளிர்ந்த இன்ஜின் இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் செல்ஃபுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள், குறையைத் தேடுங்கள். பிளாட்டினம் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா, முகம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். டேப்பெட்டைக் குளிர்ந்த இன்ஜினில்தான் பார்க்க வேண்டும். பிஸ்டன் மேலே, வால்வுகள் மூடிய நிலையில் புஷ்ராடை விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டைமிங் சற்று முன்னால் போயிருந்தால் கிக்கரில் காலை உதறித் தள்ளும். அதே உதறல் செல்ஃபில் என்ன செய்யும் என்பதை 9-ஆம் குறிப்பில் பாருங்கள்.

2. மலைக்காற்றுக்கு ஏற்ற கார்புரேட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ டியூன் செய்த வண்டி மேலே வந்ததும் பெட்ரோலை அதிகம் குடிக்கும், பிளக் கறுக்கும், காலையில் முரண்டு பிடிக்கும். காற்றுத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து, ஐடில் சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தச் சரிசெய்தலை மலையில், உங்கள் வீட்டு வாசலில் செய்வதே முறை. மெயின் ஜெட்டை மாற்றுவதாக இருந்தால் ஒரு அளவுக்கு மேல் குறைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை சேந்தமங்கலம் பக்கம் இறங்குகிற வண்டி, கீழே காற்று அடர்த்தியானதும் பெட்ரோல் பற்றாமல் சூடேறும்.

3. உதைக்கும் முறையை வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். புல்லட் 350-இன் சிலிண்டர் 346 சிசி. விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் கொண்ட ஒற்றைப் பிஸ்டன் வண்டி இது. பலத்தால் உதைக்க வேண்டியதில்லை, முறை தெரிந்தால் போதும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பிளாட்டினம் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுவது) இழுத்து, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் தாண்ட வைத்து, லீவரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே கொண்டுவந்து, கீழே வரை ஒரே இழுப்பாக மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களில் பலருக்கு இந்த முறை தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இப்படி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் செல்ஃப் வேண்டும் என்று தோன்றினால் மேற்கொண்டு படியுங்கள்.

4. செல்ஃப் உண்மையில் யாருக்குத் தேவை? வயதானவர்களுக்கும் கால் அடிபட்டவர்களுக்கும் தேவை என்பது தெரிந்ததே. மலைச் சாலையில் இன்னொரு தேவை இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஏற்றத்தில், வளைவின் நடுவில் இன்ஜின் நின்றுபோனால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், ஒரு கையை முன் பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது. பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், கால் பிரேக் இடது பக்கம், கிக்கரும் வலது பக்கம். நியூட்ரல் ஃபைண்டரை மிதித்து, கிக்கரை விரித்து, பின்னுக்கு உருளாமல் உதைப்பது நல்ல பழக்கம் உள்ளவருக்கே சிரமம். பின்னால் பேருந்து நின்றுகொண்டிருக்கும். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த இடத்தில் கிளட்சைப் பிடித்துப் பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்புவது சொகுசில் சேராது. அது பாதுகாப்பு. என் பார்வையில், மலையில் ஓடும் பழைய வண்டிக்கு செல்ஃப் மாட்டச் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம் இதுதான்.

5. மோட்டாருக்கு முன் பேட்டரியை யோசியுங்கள். இது பழைய பாடம். அமெரிக்காவில் இண்டியன் மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஹெண்டி நிறுவனம் 1914-இல் ‘ஹெண்டி ஸ்பெஷல்’ என்ற வண்டியைச் செல்ஃபோடு விற்பனைக்கு விட்டது. காரில் கேடிலாக் நிறுவனம் செல்ஃப் கொடுத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. வண்டி நிலைக்கவில்லை. சுற்றிவிடும் ஏற்பாடு இருந்தது, அன்றைய பேட்டரி அந்தச் சுமையைத் தாங்கவில்லை. ஹோண்டா போன்ற நிறுவனங்கள் 1950-களின் கடைசியிலிருந்து செல்ஃபைப் பரவலாக்கும்வரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் கிக்கரில்தான் கிளம்பின. இன்றும் பழைய வண்டியில் மாட்டிய செல்ஃப் சில மாதங்களில் ‘படுத்துவிட்டது’ என்று கேட்டால், மோட்டாரை விட்டுவிட்டு பேட்டரியையும் சார்ஜிங்கையும் முதலில் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

6. உங்கள் வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? டைனமோ வைத்த 6 வோல்ட் வண்டி என்றால் செல்ஃபுக்கு முன்னால் 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வர வேண்டும்; ரெகுலேட்டர், காயில், ஹாரன், எல்லா பல்புகளும் மாற வேண்டும் என்று பொருள். லூக்காஸ் முறையில் வயரிங் செய்த மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். அதைக் கவனிக்காமல் செல்ஃப் மோட்டாரை இணைத்தால், நிலைக்காந்தம் வைத்த மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

7. கிட் வாங்குவதற்கு முன் இன்ஜினின் இடது பக்கத்தைத் திறந்து பாருங்கள். புல்லட்டின் பிரைமரி செயினும் கிளட்சும் ஆல்டர்னேட்டரும் இடது கவருக்குள் இருக்கின்றன. செல்ஃப் என்றால் அங்கே நான்கு பொருள்கள் கூடுதலாக உட்கார வேண்டும்: மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், ஒன்வே கிளட்ச், இவற்றுக்கு இடம் கொடுக்கும் அகலமான கவர். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் கிக்கர் வண்டிகளையே செய்தது. புல்லட்டுக்கு கம்பெனியே செல்ஃப் கொடுத்தது 2000-க்குப் பிறகுதான். எனவே பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜினில் மோட்டாரைத் தாங்கும் இடம் வார்ப்பிலேயே இருக்காது.

இங்கே மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பழைய கிரேங்க்கேஸிலேயே தாங்கி வைத்துப் பொருத்தும் தனிக் கிட். இரண்டாவது, கம்பெனியே செல்ஃப் கொடுத்த எலக்ட்ரா புல்லட்டின் பாகங்களை எடுத்து, தேவையான இடங்களில் லேத் பட்டறையில் கடைந்து பொருத்துவது. மூன்றாவது, முழு இன்ஜினையே மாற்றுவது. மூன்றாவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்புறம் அது அந்தப் பழைய வண்டியாக இருக்காது, சட்டச் சிக்கலும் உண்டு. இரண்டாவது வழி மலிவாகத் தெரியும், ஆனால் பல்சக்கரங்களின் இடைவெளி ஒரு மயிரிழை தப்பினாலும் ஊளைச் சத்தமும் தேய்மானமும் வரும். கைதேர்ந்த லேத்காரர் இருந்தால் மட்டும் செய்யலாம். முதல் வழியே நல்லது. ஆனால் கடைக்காரர் “எல்லா புல்லட்டுக்கும் சேரும்” என்றால் அப்படியே நம்பாதீர்கள். வண்டியைக் கொண்டுபோய், கவரைக் கழற்றி, கிட்டை வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

8. ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எண் கிரேங்க்கேஸில் பொறித்திருக்கும். எண் இருக்கிற பாதியை மாற்றினால், சட்டத்தின் கண்ணில் இன்ஜினையே மாற்றியதாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கம்பெனியின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதே எண்ணைத்தான் தேய்த்துப் பார்ப்பார்கள்.

50 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி அப்படிப்பட்ட வண்டியை ‘விண்டேஜ்’ எனப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் இன்ஜினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, தினசரி ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. 1960-களின் வண்டி மூல நிலையில் உங்கள் வீட்டில் இருந்தால் அதில் துளை போடாதீர்கள். செல்ஃப் வேண்டுமானால் பின்னாளில் வந்த புல்லட் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஒன்வே கிளட்சைக் காப்பாற்றுங்கள். மெக்கானிக்குகள் ஸ்ப்ராக் என்றும் சொல்வார்கள். ஒரு திசையில் சுற்றும்போது இறுக்கிப் பிடிக்கும், இன்ஜின் கிளம்பி வேகமெடுத்ததும் தானாக விட்டுவிடும். கம்பெனியே செல்ஃப் கொடுத்த காஸ்ட் அயர்ன் புல்லட்டுகளிலும் அதிகம் கெட்டுப்போன பாகம் இதுதான். காரணம் எளிது. பேட்டரி இளைத்திருக்கும்போது பட்டனை அழுத்தினால் பிஸ்டன் மெதுவாக மேலே போகும். உச்சிக்கு முன்பே தீப்பொறி விழுந்து பெட்ரோல் வெடித்தால், பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும். கிக்கரில் அந்த உதறலைக் கால் தாங்கியது. செல்ஃபில் முழு அடியும் ஒன்வே கிளட்சின் சின்னச் சின்ன உருளைகள் மீது விழுகிறது. ‘கடக்’ என்ற சத்தம் வந்தால் அதுதான். அதனால் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் அந்த நொடியே கையை எடுங்கள், கிக்கருக்குப் போங்கள். டைமிங் சரியாக இருக்க வேண்டும் என்று முதல் குறிப்பில் வற்புறுத்தியதும் இதற்காகத்தான்.

10. 14 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. கிக்கர் வண்டியின் சின்ன பேட்டரி விளக்குக்கும் ஹாரனுக்கும் போதும், செல்ஃபுக்குப் போதாது. பேட்டரிப் பெட்டியில் பெரியது கொள்ளாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள், பேட்டரியைச் சுருக்காதீர்கள். ரப்பர் விரிப்பும் இறுக்கமான பட்டையும் அவசியம். கொல்லிமலைச் சாலையின் குலுக்கல் பேட்டரித் தகடுகளுக்கு ஆகாது.

11. கேபிளில் சிக்கனம் வேண்டாம். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. ஒயரில், அந்த ஓட்டத்துக்கு மீட்டருக்கு 0.7 வோல்ட் வீணாகும். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 1.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். 16 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் அதே இழப்பு 0.2 வோல்ட்தான். முனைகளில் லக்கை அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்தி, மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே கூடவே கூடாது. இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் 1975-இல் கமாண்டோ 850 வண்டிக்கு செல்ஃப் கொடுத்தபோது, அது குளிர்ந்த இன்ஜினைத் தனியாகச் சுற்றத் திணறியது. பின்னாளில் அதை வைத்திருந்தவர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று தடித்த கேபிள், இன்னொன்று மோட்டாருக்குள் நான்கு கார்பன் பிரஷ்.

12. எர்த் ஒயரை நேராக இன்ஜினில் கட்டுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கு மட்டும் கொடுத்தால் பெயிண்டும் துருவும் குறுக்கே நிற்கும். இன்ஜின் போல்ட் ஒன்றின் அடியைப் பளபளவெனத் தேய்த்து அங்கே கொடுங்கள்.

13. செல்ஃப் கரண்ட் ஆம்ப் மீட்டர் வழியாகப் போகக் கூடாது. ஹெட்லைட் மூடியில் உள்ள அந்தச் சின்ன மீட்டர் சில ஆம்பியர்களுக்கானது, ஒரே அழுத்தில் கருகிவிடும். மோட்டாரின் தடித்த கேபிள் பேட்டரியிலிருந்து ரிலேவுக்கும், ரிலேவிலிருந்து மோட்டாருக்கும் நேராகப் போகட்டும். மற்ற விளக்கு ஒயரிங்குக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் தனியாகப் போடுங்கள்.

14. கிளட்ச் சுவிட்ச் இல்லாமல் பட்டன் மாட்டாதீர்கள். கியரில் நிற்கும் வண்டியில் குழந்தை பட்டனை அழுத்தினால் வண்டி முன்னால் பாயும். வாசலுக்கு முன் பள்ளமான மலை வீடுகளில் இது உயிர் விஷயம். ரிலேவுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கிளட்ச் லீவரில் உள்ள சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனால், கிளட்சைப் பிடித்தால் மட்டுமே செல்ஃப் வேலை செய்யும். சாவி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்பதையும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

15. இடது கவருக்குள் ஆயில். அகலமான புதுக் கவருக்குப் பழைய அளவு ஆயில் பற்றாது. கிட்காரர் சொல்லும் அளவு என்ன, லெவல் பார்க்கும் திருகு எது என்று கேட்டு எழுதி வையுங்கள். கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில் நனைகின்றன, கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் நழுவும். முதல் சில நாட்களுக்குக் காலையில் வண்டியின் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்துக் கசிவு பாருங்கள்.

16. வேலையை வாங்கும்போது மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் வண்டியை எடுத்து வராதீர்கள். மலையேறி வீடு வந்த பிறகு திரும்ப இறக்கிக் கொண்டுபோவது எவ்வளவு அலைச்சல் என்று உங்களுக்கே தெரியும். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல்லில் செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் கிடைப்பார்கள். புல்லட் மெக்கானிக் இன்ஜின் வேலையை முடித்த பின், மின்சாரப் பக்கத்தை அவர்களில் ஒருவரிடம் ஒருமுறை சோதிக்கக் கொடுப்பது நல்லது.

17. பட்டன் அழுத்தும் முறை. விளக்குகளை அணையுங்கள். காலை முதல் முறை என்றால் சோக் போட்டு, சாவியைத் திருப்பாமல் கிக்கரை இரண்டு முறை மெதுவாக அழுத்தி விடுங்கள். ஆயில் இளகும், பெட்ரோல் உள்ளே போகும். மார்கழிக் குளிரில் இது பெரிய உதவி. பிறகு சாவியைத் திருப்பி, கிளட்சைப் பிடித்து, டீகம்ப்ரஸர் லீவரை இழுத்தபடி பட்டனை அழுத்துங்கள். ஃப்ளைவீல் வேகம் எடுத்ததும் லீவரை விடுங்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மோட்டாருக்கும் ஒன்வே கிளட்சுக்கும் இதனால் சுமை நன்றாகக் குறையும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் முதலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பழகுங்கள். ஐந்து நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது, அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடம் பொறுங்கள். மூன்று முறைக்கு மேல் பிடிக்கவில்லை என்றால் பட்டனை விட்டுவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

18. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு. 100 ஆம்பியர் வீதம் மூன்று நொடி சுற்றினால் செலவாவது 300 ஆம்பியர்-நொடி. பேட்டரிக்கு இரண்டு ஆம்பியர் திரும்பிப் போகிறது என்றால் இரண்டரை நிமிட ஓட்டத்தில் அது ஈடாகிவிடும். அதே வண்டி முரண்டு பிடித்து, ஐந்து நொடி வீதம் பத்து முறை அழுத்தினீர்கள் என்றால் 40 நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பழைய புல்லட்டின் ஆல்டர்னேட்டரில் ஒரு பகுதிதான் பேட்டரிக்குப் போகிறது. பால் ஊற்றவும் கடைக்குப் போகவும் அரைக் கிலோமீட்டர் எடுத்து நிறுத்தும் வீடுகளில், அப்படிப்பட்ட ஓட்டத்துக்குக் கிக்கரையே பயன்படுத்துங்கள். செல்ஃபை ஏற்றத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

19. மழையும் மூடுபனியும். ஐப்பசி மழை பிடித்தால் வண்டிக்கு ஈரம் காய நேரமே இருக்காது. ரிலேவையும் ஃபியூஸையும் சீட்டுக்கு அடியில், மேடான இடத்தில் வையுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூப்பு வந்தால், இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டி மேலே வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். தானியமும் மிளகும் வைக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். ஒயர் தொகுப்பின் மேல் நெளிவுக் குழாய் போட்டுவிடுங்கள்.

20. நாள் கணக்கில் நிறுத்தும்போது. மகன் வெளியூர் போய்விட்டார், வண்டி சும்மா நிற்கிறது என்றால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை சின்ன தானியங்கி சார்ஜரில் போடுங்கள். காரின் பெரிய சார்ஜர் 14 ஏ.எச். பேட்டரியைச் சூடாக்கிக் கெடுக்கும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. நீண்ட நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிடுங்கள். பெட்ரோல் குழாயைப் புதிய எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள்.

21. கிக்கரைக் கழற்றவே கூடாது. பார்க்க அழகாக இருக்கும் என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். மலையில் பேட்டரிக் கடை அடுத்த தெருவில் இல்லை. பிளாட்டினமும் காயிலும் வைத்த வண்டி, பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தாலே கிக்கரில் கிளம்பும். கிக்கர் ராடின் பல்லையும் ஸ்பிரிங்கையும் செல்ஃப் மாட்டும் அதே நேரத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

22. இறக்கம் கையில் இருக்கும்போது பட்டன் எதற்கு? முகப்பு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துவது மலையில் பழைய வழக்கம். இரண்டாவது கியரில் கிளட்சைப் பிடித்து உருளவிட்டு, வேகம் வந்ததும் விட்டால் பிடித்துக்கொள்ளும். ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான இறக்கமாக இருக்கட்டும்.

23. கழற்றிய பழைய பாகங்களை எறியாதீர்கள். பழைய பிரைமரி கவர், போல்ட்டுகள், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் ஆயில் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். நாளைக்கு வண்டியை மூல நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் அவை வேண்டும். வேலை செய்த மெக்கானிக்கிடம் புது ஒயரிங்கை ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த நிற ஒயர் எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே, ரிலே எங்கே, ஒன்வே கிளட்சும் கார்பன் பிரஷ்ஷும் எந்த அளவு. ஒரு பிரதியை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள், இன்னொன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாற்று ஃபியூஸ் இரண்டோடு டூல்ஸ் பெட்டிக்குள் வையுங்கள்.